ஜன்னலில் மஞ்சள் பூ

பூர்சா,
சனிக்கிழமை மாலை

மதிப்புக்குரிய முஹ்ஸினே அக்காவுக்கு,

உங்கள் இரு கைகளையும் முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு தம்பி ருக்னெத்தின் எழுதுவது. எஸ்கிஷெஹிரில் நீங்களும் மச்சானும் சுகமாக இருக்கவும், உங்கள் மூட்டுவலி குறையவும் தினமும் துஆ செய்கிறேன். இங்கே நாங்களும் சுகம். ஆனால் நான் சுகமாக இருக்கிறேன் என்பதை இந்த ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. போனில் சொன்னால் என் வீட்டுக்காரி ஷாஸியே காதில் விழும், அவள் தொடங்கினால் நிறுத்தமாட்டாள் என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் நம் மகள் நெவ்ராவைப் பற்றியது. பாலிகெசிரிலிருந்து நல்ல இடம், பையன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், நாளை ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. அதுதான் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. காரணம் தைஃபூன் என்கிற ஒரு சுற்றுலா வழிகாட்டி. உஸ்மானியர் கால பூர்சாவைக் காட்டுகிறேன் என்று சொல்லி ஒரு கூட்டத்தைத் தினமும் நடத்திக்கொண்டு வருகிறான். சுல்தான்களின் கல்லறையில் தொடங்கி, நம் தெரு வழியாக இறங்கி, பெரிய பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, பட்டுச் சத்திரத்தில் தேநீரோடு முடிப்பான். மழையோ வெயிலோ கையில் ஒரு பச்சைக் குடை. சுல்தான்களிடம்கூட அவ்வளவு நேரம் நிற்பதில்லை என்று கேள்வி. நம் ஜன்னலுக்குக் கீழே வந்ததும்தான் குடையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பிப்பான். "அந்தக் காலத்துல ஜன்னல்ல சிவப்புப் பூ இருந்தா, இந்த வீட்ல கல்யாண வயசுப் பொண்ணு இருக்குன்னு அர்த்தம். வாலிபப் பசங்க வாயை அடக்கிட்டுப் போகணும்" என்பான். உடனே மொத்தக் கூட்டமும் தலையைத் தூக்கிப் பார்க்கும். நம் ஷாஸியே வளர்க்கும் சிவப்புப் பூ அங்கே இருக்கும். நெவ்ராவும் சரியாக அந்த நேரத்தில்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பாள். வரப்போகும் சம்பந்தி காதில் இது விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தூக்கம் போயிற்று. சிவப்பை எடு என்றேன். மறுபேச்சில்லாமல் நெவ்ராவே கடைக்கு ஓடி ஒரு மஞ்சள் பூந்தொட்டி வாங்கி வந்து வைத்தாள். என்ன அடக்கமான பெண் என்று பெருமைப்பட்டேன்.

மறுநாள் அந்தக் குடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா அக்கா? "மஞ்சள் பூன்னா வீட்ல நோயாளி இருக்காங்கன்னு அர்த்தம். சத்தம் போடாம வாங்க." அன்றிலிருந்து கூட்டம் கூட்டமாக மனிதர்கள் நம் வீட்டைப் பூனைபோலக் கடக்கிறார்கள். நான் ஜன்னலோரம் தேநீர் குடித்தால் கீழிருந்து கையேந்தி எனக்காகத் துஆ கேட்கிறார்கள். அங்காராவிலிருந்து வந்த ஒரு அம்மாள் வாசலில் பருப்பு சூப் வைத்துவிட்டுப் போனாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊரே சொல்லும்போது மனிதனுக்குச் சந்தேகம் வராதா? நாடியைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு தடவை வேகமாக ஓடுகிறது, ஒரு தடவை கிடைக்கவே இல்லை.

இன்று காலை கூட்டத்தில் கத்தரிப்பூ நிறக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. ஷாஸியே, கல்யாணத் தரகி அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள். மாப்பிள்ளையின் தாயார். சம்பந்தம் பேசுமுன் தெருவில் விசாரிப்பது நம் வழக்கம்தான், ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு விசாரிப்பார்கள் என்று யார் கண்டது? "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று அவள் கேட்டாள். "பொண்ணோட அப்பாவுக்குன்னு நினைக்கிறேன்மா. பரம்பரை நோயா இருக்காதுன்னு நம்புவோம்" என்றான் அந்தப் பாவி. அதே நேரத்தில் நெவ்ரா என் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றி, "ஜன்னல் பக்கம் நில்லுங்கப்பா, காத்து நல்லது" என்று முன்னால் தள்ளிவிட்டாள்.

பைஜாமாவின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். நான் திடகாத்திரமானவன் என்று அந்த அம்மாளுக்குக் காட்டியாக வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் வேகவேகமாக நடந்தேன், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. "பாவம், சாகறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பாத்துடணும்னு நினைக்கிறார் போல" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. பெரிய பள்ளிவாசலுக்குள் நடுவில், தொழுமுன் கை கால் கழுவி ஒளு செய்கிற நீரூற்று உங்களுக்குத் தெரியுமே. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாள் பார்க்கிறாளா என்று திரும்பினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காலுறை வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தேன். குடையை நீட்டி என்னைத் தூக்கியவன் அந்தத் தைஃபூனேதான். மதியம் தரகி போன் செய்தாள்: "நாளைக்கு வரலையாம். உங்களுக்குச் சீக்கிரம் குணமாகட்டும்னு சொல்லச் சொன்னாங்க."

அக்கா, நெவ்ராவுக்கு முப்பத்தொரு வயது. நான் பயந்து போயிருக்கிறேன். எனக்குப் பிறகு இவள் தனியாக அந்த ஜன்னலில் நிற்பாளோ என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது, இது நாடி விஷயம் இல்லை. மச்சானோடு படித்தவர் இங்கே சுற்றுலா அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாரே, அவரிடம் சொல்லி இந்தக் குடைக்காரனை வேறு தெருவுக்கு, முடிந்தால் வேறு ஊருக்கே துரத்தச் சொல்லுங்கள். தம்பி இதுவரை எதுவும் கேட்டதில்லை.

மச்சானின் கைகளுக்கும் பிள்ளைகளின் கண்களுக்கும் என் முத்தங்கள். உங்களை அல்லாஹ்வின் காவலில் ஒப்படைக்கிறேன்.

அன்புத் தம்பி,
ருக்னெத்தின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசல் மணி அடித்தது. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அந்தக் குடைக்காரன் வந்திருந்தான். விரட்டலாம் என்று எழுந்தேன், அதற்குள் நெவ்ரா காபித் தட்டோடு வந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது அக்கா, கண் கலங்கிவிட்டது. நெவ்ராவிடம் மஞ்சள் பூ வாங்கி வைக்கச் சொன்னதே அவன்தானாம். மச்சான் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டாம். மேலே உள்ளதைப் படித்ததுமே சொல்லியிருந்தால், பையனை இதே தெருவில் நிரந்தரமாக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் தாயார் பெண் கேட்டு வருகிறார், நீங்களும் முதல் நாளே பஸ்ஸில் கிளம்பி வாருங்கள். ஷாஸியே சிவப்புத் தொட்டியை மறுபடி ஜன்னலில் வைத்துவிட்டாள். "நிஜமாவே அந்தக் காலத்துல பூவுக்கெல்லாம் அப்படி அர்த்தம் இருந்துச்சா தம்பி?" என்று அவனைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும் மாமா" என்றான், மாமா என்று கூப்பிட நான் இன்னும் சம்மதிக்கவே இல்லை. "முதல் நாள் நெவ்ரா அந்தப் பூவுக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. எதையாவது சொல்லிக் கூட்டத்தை அங்க நிறுத்தணுமே."