ஏணியில் நான் போட்ட கருணை மார்க்

மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி

அன்பு மருமகள் யாழினிக்கு,

மாமா கலையரசன் எழுதிக்கொள்வது. அரங்கன் அருள் பாதி, சர்க்கரை மாத்திரை பாதி என்று நானும் உன் அத்தையும் சௌக்கியமாக இருக்கிறோம். லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதை ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோதே போனில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ நடுநடுவே "மாமா, மாமா" என்பாய், எனக்குத் தைரியம் போய்விடும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஜெராக்ஸ் கடை மார்ட்டினிடம் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். வியாழக்கிழமை நீ உன் அறிக்கையை உங்கள் அலுவலகப் பெரியவர்கள் முன்னால் வைப்பதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? "மாமா, தையல் மெஷின் குடுத்த ஊர்லயும் சராசரி ஆறு, குடுக்காத ஊர்லயும் ஆறு. ஒரு வித்தியாசமும் இல்ல. திட்டத்த நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன். அடுத்த மாசம் மெஷினையெல்லாம் திரும்ப எடுத்துக்குவாங்க." நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அதற்குப் பிறகு இட்லி இறங்கவில்லை. ஏனென்றால் அம்மா, அந்த இரண்டு ஆறும் அந்த மக்கள் சொன்ன ஆறு இல்லை. நான் போட்ட ஆறு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ரிட்டையரான என்னை இந்தக் கணக்கெடுப்பு வேலையில் சேர்த்துவிட்டதே நீதான். உங்கள் மன்னார்புரம் அலுவலகத்தில் பயிற்சி கொடுத்தார்கள். மெஹ்ரீன் என்ற அந்தப் பெண் எனக்கு மகள் வயது, ஆனால் தலைமையாசிரியை மாதிரி பேசினாள். "சார், ஒரு ஊருக்கு மெஷின் குடுத்திருக்கோம், இன்னொரு ஊருக்குக் குடுக்கல. ரெண்டு ஊர்லயும் ஒரே கேள்வி. பத்துப் படி உள்ள ஏணி ஒண்ணு நெனச்சுக்கச் சொல்லுங்க. உச்சிப்படி ரொம்ப நல்ல வாழ்க்கை. அவங்க எந்தப் படியில நிக்கிறாங்கன்னு கேளுங்க. சொல்ற நம்பர அப்படியே எழுதணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது." நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளை அடிக்கோடு போடச் சொன்னவன். கோடு போட்டுவிட்டால் விஷயம் மண்டைக்குள் போய்விட்டதாக நினைக்கும் வியாதி பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

முதலில் மெஷின் கொடுக்காத கள்ளிக்குளத்துக்குப் போனேன். முதல் வீடு இருளாயி என்ற அம்மாள் வீடு. ஏணியைப் பற்றி விளக்கினேன். அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்து, "ஏணி எங்க சார்?" என்றாள். "நெனச்சுக்கங்கம்மா" என்றேன். "நெனச்சாலே முட்டி வலிக்குது. மூணாம் படிக்கு மேல நம்மால ஏற முடியாதுங்க. மூணுன்னே போட்டுக்கங்க." அவள் புருஷன் வீரமலை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "கீழ யாரு பிடிச்சுக்குவான்னு கேளு மொதல்ல" என்றார். ரஃப் நோட்டில் மூன்று என்று எழுதினேன். ஆனால் வீட்டைப் பார்த்தால் புது வெள்ளை, சுவரில் டிவி, மகன் அரியமங்கலத்தில் பட்டறை வேலைக்குப் போகிறான். இதற்கா மூன்று? மேலும் அந்த ஊருக்கு ஒன்றுமே கொடுக்காமல் கேள்வி மட்டும் கேட்கப் போனவன் நான். பத்துக்கு மூன்று வாங்கிக்கொண்டு ஒரு மனுஷி சிரித்தபடி மோர் கொடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து படிவத்தில் நல்ல கையெழுத்தில் எழுதும்போது இரண்டு கருணை மார்க் சேர்த்து ஐந்து என்று போட்டேன். ஒருத்திக்குப் போட்டுவிட்டு மற்றவர்களுக்குப் போடாவிட்டால் பாரபட்சம் என்பார்களே, ஊருக்கே இரண்டிரண்டு போட்டேன்.

அடுத்த வாரம் மெஷின் கொடுத்த நொச்சிமேடு. அங்கே போனால் எல்லாம் தலைகீழ். ஒரு வீட்டில் ஏழு, அடுத்த வீட்டில் எட்டு, எதிர் வீட்டில் பத்து. நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வருகிறது. ஒரே பெஞ்சில் ஐந்து பிள்ளைகளும் ஒரே விடையை எழுதியிருந்தால் ஆசிரியருக்கு என்ன தோன்றும்? ஊரே காப்பி அடித்திருக்கிறது என்று தோன்றியது. அதுவும் பத்துக்குப் பத்து! நான் என் சர்வீஸில் முழு மார்க் போட்டது மொத்தம் நான்கு பேருக்கு, அதில் ஒருவனுக்குப் போட்டது இன்றைக்கும் உறுத்துகிறது. ஆளுக்கு இரண்டு குறைத்துவிட்டேன். மெஹ்ரீன் என் படிவத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. "சார் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று பாராட்டக்கூடச் செய்தாள்.

உன் அத்தையிடம் நேற்றுத்தான் சொன்னேன். சந்திரம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணப் பந்தியில பாயசத்துக்கே ஏழரை மார்க் போடற ஆளு நீங்க. உங்களப் போயி நம்பர் எழுதற வேலைக்கு அனுப்பிச்சாளே, அவளச் சொல்லணும்" என்றாள். ஆகவே உனக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்பது அத்தையின் கட்சி.

இதோடு முடிந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்குப் பிறகு ரஃப் நோட்டைப் புரட்டினேன். நொச்சிமேட்டில் ஒரு வீடு. சுபலட்சுமி, கணவர் ஜெயக்குமார். அன்று அந்தப் பெண் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் அப்படியேதான் பேனா பிடிக்கிறீங்க சார்" என்றாள். நான் படிவத்தில் குனிந்திருந்தவன், நிமிராமலே, "ஏணியில எத்தனாவது படிம்மா?" என்றேன். "உங்களுக்குப் பத்துக்குப் பத்து சார்" என்றாள். யோசித்துச் சொல் என்றேன். பத்துதான் என்றாள். எட்டு என்று போட்டேன். படிப்பு என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: ஒன்பதாம் வகுப்பு ஃபெயில், கணக்கில்.

யாழினி, அவள் என் வகுப்பு. 2003, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, மூன்றாவது வரிசை, முழுப்பரீட்சையில் கணக்கில் முப்பத்து மூன்று. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு மார்க்தானே சார், போட்டு விடுங்க. நின்னா அவங்கப்பா திரும்ப அனுப்ப மாட்டாரு" என்றார். நான் நிமிர்ந்து நின்று, "கணக்குன்னா கணக்குதான் சார்" என்று சொன்னேன். ஜூன் மாதம் அவள் வரவில்லை. நானும் வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். இப்போது அதே பெண்ணுக்கு இரண்டாவது தடவையாக இரண்டு மார்க்கைக் குறைத்து, அவள் மெஷினையும் பிடுங்கப் போகிறேன். கருணை காட்ட வேண்டிய இடத்தில் கணக்குப் பார்த்தேன், கணக்குப் பார்க்க வேண்டிய இடத்தில் கருணை காட்டினேன். இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உன்னைக் கேட்டுக்கொள்வது இதுதான். ரஃப் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் இதோடு அனுப்புகிறேன். நொச்சிமேட்டில் ஆளுக்கு இரண்டைச் சேர், கள்ளிக்குளத்தில் இரண்டை எடு. எட்டும் நான்கும் வரும். மெஷினால் பலன் உண்டு என்று எழுது, அவை அங்கேயே இருக்கட்டும். பழியை என் மேல் போடு. இனி எவர் சொன்ன எண்ணையும் நான் தொட மாட்டேன், இது சத்தியம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் அம்மாவுக்கு இந்த விஷயம் தெரிய வேண்டாம், அவள் சின்ன வயதிலிருந்தே என்னைப் பார்த்துச் சிரிக்கக் காரணம் தேடுகிறவள். நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க அரங்கநாதரையும் உச்சிப் பிள்ளையாரையும் வேண்டிக்கொள்கிறேன். பின்னவரைக் கீழே நின்றபடியே வேண்டிக்கொள்கிறேன், முட்டி ஒத்துழைக்கவில்லை.

வருத்தத்துடன் உன் மாமா,
கலையரசன்

பி.கு.: மார்ட்டின் கடை பூட்டியிருந்தது. மாமனார் வீட்டு விசேஷமாம், சாயங்காலம்தான் திறப்பானாம். கையில் கடிதத்தோடு சும்மா நிற்பானேன் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் ஏறி நொச்சிமேட்டுக்கே போய்விட்டேன். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. முட்டியைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

சுபலட்சுமி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "வாங்க சார், மறுபடியும் ஏணியா?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தை எட்டாக்கியதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"எட்டுதான் சார் சரி. கொறச்சுச் சொன்னா நன்றி கெட்டவங்கன்னு மெஷின எடுத்துக்குவாங்கன்னு குழாயடியில பேசி வச்சோம். எல்லாரும் ரெண்டு கூட்டித்தான் சொன்னோம்."

"கள்ளிக்குளத்துல மூணு, நாலு, மிஞ்சினா அஞ்சுன்னாங்களேம்மா?"

"இருளாயி எங்க சின்னம்மாதான் சார். கஷ்டம்னு சொன்னாத்தான் அடுத்த தடவ மெஷின் கிடைக்கும்னு அவங்க ஊரே ரெண்டு கொறச்சுச் சொல்லுச்சாம். அதுக்கென்ன கொற, போன வருஷம் அவங்க ஊருக்கு டவுன் பஸ் வந்துருச்சு. ஆம்பளைங்க பட்டறைக்கு, பொம்பளைங்க மலைக்கோட்டைக் கடைங்களுக்குன்னு எல்லாரும் வேலைக்குப் போறாங்க."

"எட்டுன்னா, மிச்சம் ரெண்டு படிக்கு உனக்கு என்னம்மா கொற?"

"பஸ் சார். மலைக்கோட்டைக் கடையில பிளவுஸ் தைக்கத் துணி தர்றாங்க. நான் மூட்டையத் தூக்கிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்துடுவேன். முடியாதவங்க வீட்டு மெஷின்ல கோழி அடையுது."

ஆக யாழினி, மேலே கேட்டதை எல்லாம் அடித்துவிடு. அவர்கள் கூட்டியதை நான் குறைத்தேன், அவர்கள் குறைத்ததை நான் கூட்டினேன். ஆறும் ஆறும்தான் சரி. ஆனால் விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் நான் பாதி மார்க்தான் போடுவேன். மெஷின் பலன் தரவில்லை என்று எழுதாதே. ஒரு ஊருக்கு மெஷின் போயிருக்கிறது, இன்னொரு ஊருக்கு பஸ் போயிருக்கிறது. உன் படிவத்தில் நாற்பத்தொரு கட்டம் இருக்கிறது, பஸ்ஸுக்கு ஒன்று இல்லை. மெஷினை எடுக்க வரும் வேன் எந்த வழியாக வரும் என்று உங்கள் பெரியவர்களைக் கேள். வேன் வரும் வழியில் பஸ்ஸும் வரலாமே.

கிளம்பும்போதுதான் முப்பத்து மூன்று மார்க்கைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை, "ரெண்டு மார்க் போட்டிருக்கலாம்மா" என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அதுக்கா நடந்து வந்தீங்க? அந்த வருஷம் பள்ளிக்கூட பஸ்ஸ நிறுத்திட்டாங்க சார், அதான் அப்பா என்னையும் நிறுத்திட்டாரு. நீங்க நூறு போட்டிருந்தாலும் நின்னிருப்பேன்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். அந்த வருஷம் பஸ் ஓடியதா, நின்றதா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. எனக்காகப் பத்துக்குப் பத்து சொன்ன பிள்ளை அவள். இந்த பஸ் விஷயத்தில் அவள் எனக்காக எவ்வளவு கூட்டிச் சொன்னாள் என்று கண்டுபிடிக்க உங்களிடம் ஏதாவது வழி இருந்தால், மாமாவுக்கு எழுது.