பித்தளையில் ஒரு வாழ்த்து

"மேனேஜர் மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?" என்று மனைவி கேட்டபோது, தலைமை எழுத்தர் புதிதாகச் செதுக்கி வாங்கிவந்த பித்தளைத் தகட்டைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோபமா? நாளைக்கு அவர் ரிட்டயர் ஆகிறார். 'இளைப்பாறி, புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு.' இதைவிடப் பொருத்தமா ஒரு பைபிள் வசனம் கிடைக்குமா?"

"அப்படிச் சொன்ன பணக்காரன் அன்னைக்கு ராத்திரியே செத்துப்போனான். கடவுள் அவனை மதிகேடன்னு வேற திட்டினாரு."

தலைமை எழுத்தர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

படுக்கை விரிப்பு தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அடுத்த மேனேஜர் யார் என்பதை, நாளை பிரிவுபசார விழாவில் மேனேஜரே அறிவிப்பார். அந்த நாற்காலிக்காகத் தலைமை எழுத்தர் தலையாட்டாத நாள் இல்லை. ரிப்பேருக்குப் போன நாலு தையல் மெஷின்கள் ஒரு வருடமாகத் திரும்பவில்லை. "மெக்கானிக் சோம்பேறிய்யா" என்றார் மேனேஜர். "ஆமா சார், மகா சோம்பேறி" என்றார் இவர். மேனேஜரோ தும்மினால்கூட பைபிள் அதிகாரமும் வசன எண்ணும் சொல்கிறவர். அவரிடம் இந்தத் தகட்டை நீட்டினால் கதை கந்தல்தான்.

தகடு செதுக்குகிறவரிடம் ஓடினார். அவர் நிதானமாகத் தகட்டைத் திருப்பிப் போட்டார்.

"பின்பக்கம் காலிதான் சார். என்ன எழுதணும்?"

"'இவைகளையெல்லாம் உமக்குத் தருவேன்.'" எங்கே படித்தது என்று நினைவில்லை. கொடுக்கிற மாதிரி இருந்தது, அது போதும்.

வீட்டில் மனைவி படித்துப் பார்த்தாள். "இதைச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

"கடவுள்தானே?"

"சாத்தான். என்னைக் கும்பிட்டா எல்லாம் தர்றேன்னு இயேசுகிட்டயே பேரம் பேசினான்."

"சாத்தானுக்கெல்லாம் எதுக்கு பைபிள்ல வசனம் குடுக்கிறாங்க?" என்று எரிந்து விழுந்தார்.

"வசனத்தை மட்டும் பிய்ச்சு எடுத்துட்டு வந்தா இப்படித்தான். யாரு, யாருகிட்ட, எதுக்குச் சொன்னாங்கன்னு பாக்க வேணாமா?"

மறுநாள் விழாவுக்குப் போகிற வழியில் மறுபடியும் அதே கடை.

"இனிமே இதுல எழுதணும்னா விளிம்புலதான் எழுதணும்," என்றார் கடைக்காரர். "ரெடிமேடா ஒண்ணு இருக்கு சார். பிரிஞ்சு போறவங்களுக்குன்னே செஞ்சது. வாங்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து குறை சொன்னதே இல்லை."

'நாம் ஒருவரை ஒருவர் மறைந்தபின், கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று கண்காணிக்கக்கடவர்.'

தலைமை எழுத்தருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உடனே கட்டித் தரச் சொன்னார்.

மேடையில் பரிசைக் கொடுத்துவிட்டு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தவர், வசனத்தைப் பெருமையோடு அவள் காதில் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அது வாழ்த்து இல்லைங்க, எச்சரிக்கை! மாமனாரும் மருமகனும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தி, நம்பிக்கை போனப்புறம் சொன்னது. என் கண்ணுக்கு மறைவா நீ என்ன செஞ்சாலும் கடவுள் பாத்துக்கிட்டிருக்காருன்னு அர்த்தம்!"

அதற்குள் மேடையில் காகிதம் கிழிந்துவிட்டது. மேனேஜர் கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். 'நடுநின்று' வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றார். முகம் வெளுத்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நாற்காலி தன் நாலு காலால் நடந்து போவதைத் தலைமை எழுத்தர் கண்ணாலேயே பார்த்தார்.

"எனக்கு அடுத்து..." மேனேஜர் தகட்டைக் கவிழ்த்து வைத்தார். "நம்ம தலைமை எழுத்தர்தான். அவரைத் தவிர வேற யாரையும் என்னால சொல்ல முடியாது."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"பாத்தியா? அவருக்கும் அர்த்தம் தெரியல!" என்று மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வாசலில் மேனேஜரின் டிரைவர் இவருக்காகக் காத்திருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், நாலு தையல் மெஷினையும் விடியறதுக்குள்ள ஸ்டோர் ரூம்ல இறக்கிடறேன்னு ஐயா சொல்லச் சொன்னாரு. அது அவரு வீட்டு மாடியிலதான் ஓடுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு."