கையெழுத்தண்ணையைத் தேடி வந்தவர்கள்

பிள்ளைகளே, பொலிஸ் துரத்த ஓடுகிறவர்களை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பொலிசையே துரத்தியவர் உலகத்தில் ஒருவர்தான். தொண்ணூறுகளில், நீங்கள் பிறக்கமுதல், ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த கையெழுத்தண்ணை.

மெல்பேர்ணில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமனுக்கு மூக்கை உடைத்தாராம். கோர்ட் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. செவ்வாய்தோறும் ஓர் அதிகாரி அம்மாவிடம் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும், கேட்காமல் ஊரை விட்டுப் போகக்கூடாது என்றது. அண்ணையோ, ஆக்லாந்தில் தமிழ்ச்சனம் நிறைய என்று யாரோ சொன்னதை நம்பி விமானம் ஏறிவிட்டார். வந்து பார்த்தால் இருந்தது நான் ஒருவன். எனக்கும் வேலை, விட்டால் நித்திரை.

ஒரு மாதம் போக, தானே பொலிஸ் நிலையத்துக்குப் போய், "நான் தப்பி வந்தவன்" என்றார். கவுண்டரில் நின்றவர் கொம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உன்னை ஒருவரும் தேடவில்லை, வீட்டுக்குப் போ" என்றார். அண்ணை விடவில்லை. பிறகு பிறகு அண்ணையின் தலை தெரிந்தாலே அந்த மனிதர் உள்ளே ஓடி ஒளிவார்.

கடைசியில் என்னைப் பிடித்தார். செவ்வாய் பின்னேரம் குளித்து, ஷேர்ட் போட்டு, சமையலறை மேசையில் எனக்கு எதிரே வந்து இருப்பார்.

"தம்பி, கேளும்."

"என்னத்தை அண்ணை கேக்கிறது?"

"மெல்பேர்ணில கையெழுத்து வாங்கிற அந்த மிஸ் கேக்கிற மாதிரி. எங்க போனனீர், ஆரோட கதைச்சனீர், ஒழுங்காச் சாப்பிடுறீரோ எண்டு."

கேட்டேன்.

"முடக்குக் கடைக்கு, டெயரிக்குப் போனனான். பால் முடிஞ்சுதெண்டு கடைக்காரர் சொன்னவர். அவ்வளவுதான் கதை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உத்தியோகத்தர் சிரிக்கக்கூடாது!"

ஒருநாள் மெல்பேர்ணிலிருந்து பிடியாணையோடு இரண்டு பொலிசார் வந்தே விட்டார்கள். நாடு கடத்த நீண்ட வழக்கொன்றும் தேவையில்லை. இங்குள்ள நீதவான் அந்தப் பிடியாணையை ஏற்றால் போதுமாம். மறுத்துப் பார்க்கலாம் என்றார் அண்ணைக்காக வந்த சட்டத்தரணி.

"மறுக்கிறதோ?" அண்ணை என் பக்கம் திரும்பினார். "என்னைத் தேடி ரெண்டு பேர் கடல் தாண்டி வந்திருக்கினம் தம்பி. வரமாட்டன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

"அங்க மறியலில போட்டுப் பூட்டினால்?"

"மறியலிலயும் ஆளெண்ணுவினம். ஒராள் குறைஞ்சாத் தேடுவினம்."

இரண்டு பொலிசாருக்கும் நடுவில் மாப்பிள்ளை மாதிரி நடந்து போனார்.

அடுத்த செவ்வாய் பின்னேரம் நான் குளித்து, ஷேர்ட் போட்டு, அவருடைய கதிரையில் போய் இருந்தேன். எதிரே என்னுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது.

"வேலைக்குப் போனனான்" என்றேன். "சாப்பிட்டனான். இந்தக் கிழமை ஒருத்தரோடயும் கதைக்கேல்லை, அண்ணை."