குதிரை இல்லாத ரிவால்வர்

1971 அக்டோபர் ஐந்தாம் தேதி, காலை ஆறு மணி இருபது நிமிடம். கிழக்கே மேகம் கட்டியிருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் பன்னிரண்டு ஏக்கர் குறுவை முற்றித் தலைசாய்ந்து நின்றது. மழை இரண்டு நாள் பொறுத்தால் நெல் வீட்டுக்கு வரும். பொறுக்காவிட்டால் கதிரிலேயே முளைத்துவிடும்.

அறுக்கத்தான் ஆளில்லை. கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் மருதையன் சொல்லிவிட்டார். வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவது, யாராவது மறித்தால் இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்துக் காட்டுவது என்று நான் ஒரு மாதத்துக்கு முன்பே தீர்மானித்திருந்தேன். இந்தப் பஞ்சநதம் தீர்மானித்துவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. மனைவி அபயாம்பாளின் பேச்சு மட்டும் உண்டு.

உரிமத்துக்கு மனு கொடுத்தாயிற்று. அன்று பத்து மணிக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். எந்த ரிவால்வர் என்பது மட்டும் முடிவாகவில்லை. தஞ்சாவூரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் இப்ராஹிம் இரண்டு வகை காட்டியிருந்தார். ஒன்றின் முதுகில், சுடுவதற்குமுன் பின்னுக்கு இழுக்கும் கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் குதிரை என்று பெயர். மற்றதில் குதிரை உள்ளே மறைந்திருக்கும். முதுகு வழவழவென்று இருக்கும்.

கடைசி ஒத்திகையாக, பாக்குவெட்டியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கண்ணாடிமுன் நின்றேன். "நில்!" என்று உருவினேன். பாக்குவெட்டியின் மூக்கு மாட்டியது. பாக்குவெட்டியோடு வேட்டியும் வந்தது.

"ஏங்க, யார நிக்கச் சொல்றீங்க? வேட்டியவா?"

"குதிரை வெளியில இருந்தா இப்படித்தான் மாட்டும் அபயம். அதான் குதிரை இல்லாதது வாங்கலாம்னு." பெட்டிப் பூட்டைச் செருகி உருவிக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. "பாத்தியா? துணியில சிக்காது. தூசி போகாது. இடுப்புல இருக்கிறதே தெரியாது."

"சரிதான். அதுல கொறை ஒண்ணும் இல்லியா? போன வாரம் இப்ராஹிம் பாய் என்ன சொன்னாரு?"

"குதிரைய முன்னாடியே இழுத்து வச்சுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் விசைய முழுபலத்தோட அழுத்தணும். கை ஆடும். குறி கொஞ்சம் தப்பும்."

"கொஞ்சம்னா? மருதையனக் குறி வச்சா யாரு மேல படும்?"

"நான் சுடவா போறேன்? காட்டத்தானே போறேன்!"

"காட்டுறதுக்குன்னா குதிரை வச்சதுதாங்க நல்லது. இழுத்தா சடக்குன்னு சத்தம் வரும். எதிர்ல நிக்கிறவனுக்கு விலக நேரம் கெடைக்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கெடைக்கும். குதிரை இல்லாததுல உங்க பயத்துக்கும் குண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லியே?"

நியாயமான சந்தேகம். அவளுடைய சந்தேகங்கள் எல்லாமே நியாயமானவை. அவற்றுக்கு விடை கேட்டு வருவதற்காகவே நான் அந்த ஒரு மாதத்துக்குள் நான்கு முறை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறியிருந்தேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அமிர்தலிங்கம் வந்தார். நாற்காலியில் அமர்ந்து காகிதக் கட்டைப் பிரித்தார்.

"எதைப் பாதுகாக்க ரிவால்வர் கேக்குறீங்க?"

"என் நிலத்தை."

"உங்க நிலம் ஒரத்தநாட்டுப் பக்கமில்ல இருக்கு? அங்க தகராறே கெடையாதே. தகராறு நடக்கிற பன்னிரண்டு ஏக்கரும் அம்மா பேர்ல இருக்கு. சிட்டா நகல் இதோ."

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, அவள் பேருக்கு நானே எழுதிவைத்தது. 'அது பேருக்குத்தான், உண்மையில் என்னுடையது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதை எழுதிக்கொள்ள அவர் பேனாவைத் திறந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சிட்டா நகலெல்லாம் எதுக்குங்க?" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"அம்மாதான் கொண்டாரச் சொல்லி எழுதியிருந்தாங்க." அவர் அபயாம்பாள் பக்கம் திரும்பினார். "நிலம் உங்களுது. உங்களுக்குத் துப்பாக்கி வேணுமாம்மா?"

"வேண்டாங்க. எனக்கு அறுப்புக்கு ஆள்தான் வேணும். மருதையன்கிட்ட பேசி முடிச்சாச்சு. அவரு கேட்ட உயர்வுல பாதிக்கு ஒத்துக்கிட்டாரு. நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எப்ப பேசின?" என்று கத்தினேன்.

"நீங்க தஞ்சாவூர் போன நாலு நாளும்தாங்க."

மருதையன் முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தார். ஒப்பந்தத் தாளில் பொறுமையாகக் கையெழுத்திட்டார். "லாரிய வர வேணாம்னு சொல்லிடுங்கய்யா," என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் நாற்பது அரிவாள்கள் வயலில் இறங்கின. மழை இன்னும் இறங்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் அமிர்தலிங்கம் என் மனுவின்மேல் 'அவசியமில்லை' என்று எழுதினார். தஞ்சாவூரில் இப்ராஹிம் கடையைத் திறந்து, ஐந்தாம் முறையாக நான் வருவேன் என்று காத்திருந்தார். அபயாம்பாள் குடையோடு வரப்பில் நின்றாள். நானும் கரையில் ஏறி நின்று, மேலண்டைப் பக்கத்திலிருந்து அறுப்பைத் தொடங்கும்படி உரத்த குரலில் ஆணையிட்டேன்.

மருதையன் மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"அம்மாவக் கேட்டுட்டு வந்து சொல்றேங்கய்யா."