மழையை நிறுத்திவைத்த சார்

கோவில்பட்டி வட்டாரத்திலேயே மழையை ஓரிடத்தில் நிறுத்திவைக்கத் தெரிந்த ஒரே ஆள், எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த 'வச்சுக்கிடுவோம்' சார்தான்.

விவசாய ஆராய்ச்சிக்காரர். அவர் லேப்டாப்பில் விளைச்சலுக்குக் காரணமான மழை, உரம், விதைக்கிற நாள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டம் உண்டு. ஒன்றின் எண்ணை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் சராசரியிலேயே நிறுத்தி, ஆயிரம் தடவை பொய்யாக விவசாயம் பண்ணுவார். எதற்கெடுத்தாலும் "இப்படி வச்சுக்கிடுவோம்" என்பதால் தெரு வைத்த பேர் அது.

அந்தப் புத்தி வீட்டிலும் தொற்றிக்கொண்டது. ஒரு வாரமாக ஒரே சட்டை. வெளி ஆம்பளைகளிடம் பேச எனக்குக் கூச்சம்; கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டேன்.

"சார், சட்டை மாத்தலையா?"

"இந்த வாரம் சாம்பார் பொடியத்தான் மாத்துதேன் ஆச்சி. ரெண்டையும் மாத்தினா வயித்துவலி எதனாலன்னு எப்படித் தெரியும்?"

அந்தப் புரட்டாசியில் என்னிடம் இருந்தது ஒரே மூட்டை உளுந்து விதை. மழைக்கு முன்னால் புழுதியில் விதைத்தால், தூறலில் முளைத்துக் கருகிப்போகலாம். காத்திருந்தால் ஈரக் கரிசலில் கால் வைக்க முடியாது. விதை போனால் அந்த வருசமே போச்சு. சாரிடம் யோசனை கேட்டேன்.

லேப்டாப்பில் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "இந்த வாரமே மொத்தத்தையும் விதைச்சிருங்க."

"மழைக்கு என்ன வச்சிய?"

"சராசரிதான்."

"என் ஆயுசுல அந்த மழை ஒரு வருசமும் வந்ததில்லையே சார். ஒண்ணு வெள்ளம் வந்து ஆட்டையே அடிச்சிட்டுப் போகும், இல்ல வானம் கண்ணாடியாட்டம் கெடக்கும்."

அவ்வளவு பேசியதற்கே எனக்கு வேர்த்துவிட்டது. அவர் படியிலேயே உட்கார்ந்து, நான் பார்த்த மழைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு ஏற்றினார்.

"ஒரு உழவு மழைன்னா எத்தனை மில்லிமீட்டர் ஆச்சி?"

"ஏர் இறங்குத அளவு."

மறுபடி ஆயிரம் தடவை ஓட்டினார். முகம் தொங்கிப்போயிற்று. "எப்படி வேணும்னாலும் ஆகலாம்னு வருது."

"இதுக்கு ஆயிரம் தடவையா? நான் ஒரு தடவையில சொல்லியிருப்பேனே."

பாதி விதையைப் போட்டேன், பாதியை மூட்டையிலேயே வைத்தேன். தூறியது, முளைத்தது, வெயில் வந்து காய்ச்சியது. பயிர் தலை சாய்ந்த பிறகுதான் மழை கொட்டியது. மறுநாள் புஞ்சைக்குப் போனால் எனக்கு முன்னால் சார் நிற்கிறார். செருப்பு ரெண்டும் சேற்றுக்குள்.

"எத்தனை பிழைச்சிருக்கு சார்?"

"எண்ண முடியல ஆச்சி, அம்புட்டு நிமிந்திருக்கு" என்றார். கண்ணைத் துடைத்த இடமெல்லாம் கரிசல்.

இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். மாடியை வாடகைக்குக் கேட்கிறவர்களிடம், ஆள் இருக்கு என்றே சொல்லிவருகிறேன். திரும்ப வருவாருன்னு வச்சுக்கிடுவோமே.