பன்னிரண்டு வருடமாக எட்டாம் வகுப்பில் இருந்த பையன்

நான் ஒரு திருடி. திருடியது நகையோ கோழியோ அல்ல, ஒரு பையனின் வாழ்க்கை வரலாறு.

பி.எட். படிக்கும்போது எங்களில் யாரும் ரெக்கார்டை யோசித்து எழுதியதில்லை. அக்கா போட்ட பாவாடை தங்கைக்கு வருவதுபோல அது சீனியரிடமிருந்து வரும், பார்த்து எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுப்போம். எனக்கு ஷீலா அக்காவின் 'தனியாள் ஆய்வு' வந்தது. படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளையை நேரில் கவனித்து, வீட்டாரிடம் பேசி எழுத வேண்டிய ரெக்கார்டு. நான் பலாச்சுளை தின்றபடி ஒரே மத்தியானத்தில் முடித்தேன்.

பையன் பெயர் செல்வின். எட்டாம் வகுப்பு. அப்பா குவைத்தில். வீடு இரணியல் ரயில்வே ஸ்டேஷன் பக்கம். வாய்ப்பாடு வராது, ரயில் நேரம் மட்டும் மனப்பாடம். நான் பயிற்சிக்குப் போனது கடற்கரை ஊரான இராஜாக்கமங்கலத்துக்கு என்பதால், இரணியல் என்று இருந்த இடத்திலெல்லாம் இராஜாக்கமங்கலம் என்று மாற்றினேன். (என்ன மூளை, என்ன மூளை!) 'என் முயற்சியால் ஏழே நாளில் ஏழாம் வாய்ப்பாடு கற்றான்' என்பதையும் கூசாமல் எழுதினேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தார்.

"ஏன் பிள்ளே, இராஜாக்கமங்கலத்துல ரயில்வே ஸ்டேஷன் எப்பம் வந்து?"

"சத்தம்... கேக்கும் சார்."

"கடலுக்குள்ள இருந்தா?"

அவர் ரெக்கார்டை மூடினார்.

"இந்தப் பயல எனக்குப் பன்னெண்டு வருசமாத் தெரியும். வருசா வருசம் ஒரு டீச்சர் கொண்டு வருவா. அவனும் எட்டாங்கிளாஸ விட்டு நகர மாட்டேங்கான். போட்டும்னு விட்டேன். நீ அவனக் கடக்கரைக்கே குடி மாத்திட்ட! நாளைக்கு உச்சைக்குள்ள, மத்தியானச் சோத்துக்கு முன்ன, அவன இங்க கூட்டீட்டு வா. இல்லேன்னா பூஜ்யம்."

பூஜ்யம் என்றால் அடுத்த வருடம் மறுபடியும் எழுத வேண்டும். என் அப்பாவோ, பெண் டீச்சராகிவிட்டாள் என்று சர்ச்சில் ஸ்தோத்திர ஜெபமே வைத்துவிட்டார். சபை முழுவதும் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது.

பார்த்து எழுதுவதற்காக சீனியர் ரெக்கார்டை எல்லோரும் நகல் எடுப்பது வடசேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில்தான். முதலில் இதைக் கொண்டு வந்தது யார் என்று அங்கே தெரியலாம் என்று ஓடினேன். கடைக்காரருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். விஷயத்தைச் சொல்லி, அழுதுகொண்டே அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். ரயில் நேரம் மனப்பாடம் என்ற வரி வந்ததும் அவர் மெஷினை நிறுத்தினார்.

"டீச்சர், இது நான்லா!"

"சும்மா வெளையாடாதீங்க."

"சத்தியமா. பேரு செல்வின், வீடு இரணியல். இத நானே நூறு தடவ காப்பி எடுத்திருக்கேன். கண்ணாடில குப்புற வெச்சு எடுக்கியதுல வாசிச்சதே இல்ல. அதுசரி, வாய்ப்பாடு வராதுன்னு எழுதுனவ யாரு?"

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு கூடவே வந்தார். தேர்வாளர் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் செல்வினா? ஏழெட்டு எவ்வளவு?"

"அம்பத்தி நாலு!" கொஞ்சமும் தயங்காமல் வந்தது பதில்.

"இவனேதான்" என்றார் தேர்வாளர்.

"பன்னெண்டு டீச்சர் ஏழே நாள்ல சொல்லித் தந்துருக்காவ சார், என்ன செய்ய?" என்றார் செல்வின். தேர்வாளர் சிரித்துச் சிரித்து இருமினார். ஆனாலும் என்னை விடவில்லை. "ஒரு வாரம் தாறேன். இவன்ட்டயும் வீட்டுலயும் கேட்டு, நீயே எழுதீட்டு வா. ஒரு வரி பழசு இருந்தாலும் பூஜ்யம்தான்."

ஏழு நாளும் இரணியலுக்கு பஸ் ஏறினேன். முதல்முறையாக ஒரு மனிதரிடம் கேட்டு எழுதினேன். பாஸ் மார்க் மட்டும்தான் கிடைத்தது, ஆனாலும் பெருமையாக இருந்தது. கேள்விகள் தீர்ந்த பிறகும் நான் போய்க்கொண்டே இருந்தேன். அடுத்த வருடம் அதே சர்ச்சில் எங்களுக்குக் கல்யாணம்.

பழைய ரெக்கார்டின் கடைசி வரியை அவர் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்: 'பரிந்துரை: இம்மாணவனுக்கு இடைவிடாத கண்காணிப்பும் அளவற்ற அன்பும் தேவை.' நான் சத்தம் போடும்போதெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார்.

"டீச்சர், மொதல்ல உள்ளது தெனமும் கிடைக்கு. ரெண்டாவது எப்பம்?"