இங்கே சாகக் கூடாது

விழுப்புரம் பக்கம், பெயர் சொன்னால் பொல்லாப்பு வரும் சிறை ஒன்றில், ஆயுள் கைதி பாண்டுரங்கனுக்கு மேன்மை தங்கிய நிர்வாகம் ஒரேயோர் அறிவுரை வழங்கியிருந்தது. இங்கே சாகக் கூடாது.

சிறைக்குள் ஒருவர் செத்தால், ஏன் செத்தார் என்று மாஜிஸ்திரேட் வந்து கேட்பார். உயிரோடு இருக்கும் கைதியைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதால், நிர்வாகத்துக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

பாண்டுரங்கனுக்கு ஈரல் முழுக்கப் புற்று. திண்டிவனத்தில் மகன் தேவா வீட்டில் கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான் கிழவர் கேட்டது. கருணை மனு மேலே போய் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மூச்சு இழுத்தது. அதிகாரி பதறிக்கொண்டு வேனை வரவழைத்தார்.

"பெருசு, கொஞ்சம் பொறுத்துக்க. கேட்டத் தாண்டிட்டா அப்புறம் உன் இஷ்டம்."

எழுந்து ஓடிவிடுவாரோ என்று, ஏட்டு வல்லரசு அவர் கையை ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து விலங்கிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் மலர்விழி பார்த்தார்.

"இங்க செய்ய ஒண்ணுமில்ல. ஜல்தியா கூட்டிக்கினு போங்க."

"வழியில போயிட்டா, மேடம்?"

"அது உங்க டிபார்ட்மென்ட்."

சிறைக் கதவு திறக்கவில்லை. நலமாக இருக்கிறார் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கும் சிறைக்கும் வேன் போவதும் வருவதுமாக இருந்தது. மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளையும் கரும்பு வண்டிகளையும் பார்த்துக்கொண்டே போனதில் பாண்டுரங்கனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வல்லரசுதான் நிமிஷத்துக்கொரு தரம் கிழவரின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் செத்தால் மாட்டுவது அவர்.

பிறகு யாரோ யாருக்கோ போன் போட்டார்கள். மனிதாபிமானம் விழித்துக்கொண்டது. அன்றைக்கே விடுதலை உத்தரவு வந்தது.

விலங்கை அவிழ்த்து, தேவா வீட்டு வாசலில் இறக்கினார்கள். மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதான். அப்புறம் ஏட்டைத் தனியே அழைத்தான்.

"சார், இது வாடகை வீடு. சாவு வுழுந்தா ஓனரு காலி பண்ணச் சொல்லிடுவாரு. கொஞ்ச நாளு ஜெயில்லயே வச்சிக்கினு..."

"முடியாது தம்பி. அவரு இப்ப சுதந்திரமான ஆளு."

தெரு கூடியது. அரசாங்கத்துக்கு ஈவிரக்கமே இல்லை என்று எல்லோரும் திட்டினார்கள். திட்டி முடித்ததும், ஸ்ட்ரெச்சரைத் தங்கள் வீட்டுப் பக்கம் வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். மாடியிலிருந்து ஓனர் இறங்கி வந்து கைகூப்பினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க பெரியவரே. எங்கப்பாவையே நான் வீட்ல சாவ வுடல. ஆஸ்பத்திரியிலதான் வச்சிருந்தேன்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த பாண்டுரங்கன் வானத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு.

"வரப்புச் சண்டையில நான் வெட்டுன ஆளு இருக்கான் பாரு, அவன் சொந்த வீட்டு வாசல்லயே செத்தான். குடுத்து வச்சவன்."